முதலாளி வரும்போது சாரத்தை இறக்காதே

செங்கோட்டை தாண்டி புளியறைக்குப் போகிற ரோட்டில் இருந்த மர அறுவை மில்லில் வேலைக்குச் சேர்ந்த அன்று பெல்பாட்டம் போட்டுக்கொண்டு போனேன். தென்காசியில் தைத்தது. ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு பூனை குட்டி போடலாம், அவ்வளவு அகலம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. சும்மா திரிகிறவன் இப்போது வேலைக்குப் போகிறான் என்று பஸ்ஸில் நாலு பேர் பார்க்கட்டுமே என்பதுதான் என் கணக்கு.

ரம்பம் ஓட்டுகிற அண்ணாச்சி வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் மில்லில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னலே?"

"பேன்ட்டு அண்ணாச்சி."

"பேன்ட்டா. ஒங்க வீட்டு ஜன்னல் தெரைய அவுத்துச் சுத்திட்டு வந்துட்டியோன்னு நெனச்சேன். போ. நாளைக்குச் சாரம் கட்டிட்டு வா."

எங்கள் பக்கத்தில் கைலியைச் சாரம் என்போம். மறுநாள் சாரத்தோடு போனேன். புதிதாக இன்னொருவனும் வந்து நின்றான். ராயகிரிக்காரன். வயலில் வளர்ந்த உடம்பு, கதவு மாதிரி அகலம். குரல் மட்டும் யாரோ தூங்குகிற வீட்டுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். என்னைவிட மூத்தவன், என்னையே முதல் நாள் "நீங்க" என்றான். "ஏலே, என்னைய நீங்கன்னு கூப்பிட்டா எங்க வீட்ல வேற யாரோ வந்திருக்கான்னு நெனப்பாவ" என்று சொல்லித்தான் "நீ"க்கு இறக்கினேன்.

அவனைக் கேலி செய்ய இன்னொரு விஷயமும் கிடைத்தது. மடித்துக் கட்டிய சாரத்தைப் பெரியவர்களைக் கண்டால் கணுக்கால்வரை இறக்கிவிடுவது எங்கள் ஊர் மரியாதை. எல்லாரும் செய்வதுதான். அவன் எல்லாருக்கும் செய்தான். டீக்கடைக்காரருக்கு, தபால்காரருக்கு, பஸ் கண்டக்டருக்கு. செக்போஸ்ட்டிலிருந்து வருகிற லாரி டிரைவர் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்திருந்தால்கூட இறக்குவான். அந்த ஆளுக்கு இவன் தலை மட்டும்தான் தெரியும்.

"ஏலே, அங்கன கழுதை போகுது. எறக்கு."

அவன் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தான்.

எங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் வேலை பார்த்தவனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் முழுதாகச் சொல்லவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார் ஒருவர். ஊருக்கே போய்விட்டான் என்றார் இன்னொருவர். கால் போச்சு என்பது மட்டும் காதில் விழுந்தது, எந்தக் கால் என்று கேட்டால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் ஓர் அதிகாரி வந்து, புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் மிஷின் பக்கம் விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லிக்கொடுக்கும் வேலையை முதலாளி அண்ணாச்சி தலையில் வைத்துவிட்டார்.

முதல் நாள் மோட்டாரை நிறுத்திவைத்துப் பாடம் நடந்தது. மூலையில் மோட்டார். அதிலிருந்து ஒரு கையகல பெல்ட் முழங்கால் உயரத்தில் ஓடிப்போய் ரம்பத்தைச் சுற்றும். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் இரும்புக் கொக்கிகளால் கோத்திருந்தார்கள். ரம்பத்துக்கு முன்னால், அறுக்கிற மரத்தடியைத் தள்ளுகிறவர்கள் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவன் வெளிப்பக்கம், ஒருவன் பெல்ட் பக்கம்.

"தோள்ல துண்டு கூடாது. கையில மோதிரம், கயிறு கூடாது. பெல்ட்டைத் தாண்டக்கூடாது, சுத்திக்கிட்டுத்தான் போணும். தூளைக் கையால தள்ளக்கூடாது. ரம்பத்துக்கு நேரா நிக்கக்கூடாது, தடி எத்துச்சுன்னா நெஞ்சுக்கு வரும்."

"அண்ணாச்சி, மூச்சு விடலாமா?"

"விடு. சத்தமில்லாம விடு."

ராயகிரிக்காரன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் தலையாட்டுவதைப் பார்த்துத் தலையாட்டினேன். அண்ணாச்சி உள்ளே போய் ஒரு பழைய சாரத்தை எடுத்துவந்தார். மோட்டாரைப் போட்டார்.

பெல்ட் ஓட ஆரம்பித்ததும் அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிட்டது. பெல்ட் நிற்கிற மாதிரித்தான் தெரிந்தது. கொக்கிகள் மட்டும் டக், டக், டக் என்று சொல்லிக்கொண்டிருந்தன. காற்று முழங்காலில் வந்து அடித்தது. அண்ணாச்சி தள்ளி நின்று, ஒரு கம்பின் நுனியில் அந்தச் சாரத்தைத் தொங்கவிட்டு, மெதுவாக அதன் ஓரத்தை மட்டும் பெல்ட் பக்கம் நீட்டினார்.

சாரம் போனது எனக்குத் தெரியவில்லை. கம்பு காலியாக இருந்தது. அவ்வளவுதான். அப்புறம் பெல்ட் நாலைந்து தடவை பட்பட்டென்று எதையோ அறைகிற சத்தம், தொடர்ந்து நார் நாராகத் துணி சுவரில் வந்து விழுந்தது. மோட்டாரை நிறுத்தியபின்னும் பெல்ட் உடனே நிற்கவில்லை. தன் பாட்டுக்குச் சுற்றி, அலுத்துப்போய்த்தான் நின்றது.

"சுவிட்சு போட்டா ஒடனே ஓடும். அமத்துனா ஒடனே நிக்காது. பாத்துக்கிட்டேல்லா" என்றார் அண்ணாச்சி.

எனக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனி வரைக்கும் வந்து, அங்கேயே செத்துப்போனது. சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த துணியில் கட்டம்போட்ட ஓரம் தெரிந்தது. நான் கட்டியிருந்ததும் கட்டம்போட்ட சாரம்தான்.

பெல்ட்டை மறைக்க ஒரு பலகை இருந்தது. ஆனால் அது சுவரில் சாய்ந்து நின்றது. சாரல் காலத்தில் ஈரக்காற்று பட்டு பெல்ட் அடிக்கடி வழுக்கிக் கழன்றுவிடும். ஒவ்வொரு தடவையும் பலகையைக் கழற்றி மாட்ட முடியாது என்று சீசன் முடிகிறவரைக்கும் எடுத்துவைத்துவிட்டார்களாம். "காலு ஜாக்கிரதை, சாரத்த நல்லா ஏத்தி மடிச்சு இறுக்கிச் செருகிக்கணும்" என்பதுதான் பலகைக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்த பாடம். அரை டவுசர் வாங்கித் தரச் சொல்லி அண்ணாச்சி கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலாளி பார்ப்போம் என்றிருக்கிறார்.

பாடம் முடிந்து வேலை கொடுத்தபோது, பலமுள்ளவன் என்று ராயகிரிக்காரனைப் பெல்ட் பக்கம் நிறுத்தினார்கள். என்னை வெளிப்பக்கம். எனக்கு வந்த நிம்மதியை மறைக்க, "குண்டனுக்கு விசிறி வச்சு எடம் குடுத்திருக்காவ பாரு" என்றேன். அவன் சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்து, இழுத்துப் பார்த்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். பயந்தவன்தான் அவனும். ஆனால் ஒழுங்காகப் பயப்படுகிறவன்.

முதலாளி காலையில் ஒரு தடவை மில்லுக்குள் வருவார். வருவதற்கு முன்னால் வாசலில் நின்று குடையை உதறி, ஒரு கனைப்புக் கனைப்பார். ரம்பச் சத்தத்தில் அது எப்படித்தான் கேட்குமோ, எல்லார் கையும் தொடைக்குப் போய்விடும். எல்லார் சாரமும் இறங்கிவிடும். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போவார். சாரங்கள் திரும்ப ஏறும். முதல் தடவை அவர் வந்தபோது நானும் இறக்கினேன். இறக்கிக்கொண்டே யதேச்சையாக எதிரே பார்த்தேன்.

ராயகிரிக்காரன் நின்ற இடத்திலேயே நின்று இறக்கியிருந்தான். சாரத்தின் ஓரம் பெல்ட் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை உள்ளே ஒடுங்கியது, ஒரு தடவை பெல்ட்டை நோக்கிப் போனது. டக், டக் என்று கொக்கிகள். அவன் முகம் முதலாளியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கத்தினால் அவன் திரும்புவான், திரும்பினால் சாரம் இன்னும் பக்கத்தில் போகும். கத்தவில்லை. முதலாளி போகிறவரைக்கும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"முதலாளி வரும்போது சாரத்த எறக்குதே நீ."

"ஆமா. நீயுந்தான எறக்குதே."

"நான் நிக்கது வெளிப்பக்கம். நீ நிக்கது பெல்ட்டுக்குப் பக்கம்லே. அன்னைக்கு அண்ணாச்சி காட்டுனாரே, பாத்தேல்லா?"

"பாத்தேன். ராத்திரி கனாவுலயும் பாத்தேன்."

"பொறவு ஏன் எறக்குதே?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான். "நான் எங்க எறக்குதேன். கைதான எறக்குது."

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. சொல் பேச்சுக் கேட்காதவன் என்றால் திட்டலாம். இவன் எல்லார் பேச்சையும் கேட்கிறவன்.

அவனைப் பழக்கிவிடலாம் என்று பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் நின்றிருக்கும். அவனைப் பெல்ட் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கையையும் தடிமேல் வைக்கச் சொல்லிவிட்டு, நான் ஒரு மரச்சட்டத்தைக் குடையாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலாளியாக நடந்துவந்தேன். அவன் சிரித்தான். கை தடியிலேயே இருந்தது. "அப்படித்தான். அப்படியே நில்லு" என்றேன். இன்னொரு தடவை நடந்தேன். கை நகரவில்லை. தேறிவிட்டான் என்று நினைத்து, கடைசியாக, வாசலில் நின்று முதலாளி மாதிரியே கனைத்தேன்.

சாரம் கணுக்காலில் இருந்தது.

சோற்று வாளியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "முதலாளி, எனக்கும் கூலி ஏத்திக் குடுங்க" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராயகிரிக்காரன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போன கை மாதிரி.

"என்னால முடியலலே" என்றான்.

அண்ணாச்சியிடம் போனேன். அவர் ரம்பப் பல்லுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பாடத்துல ஒண்ணு விட்டுப்போச்சு."

"நீ பாடத்தக் கேட்டதே பெருசு. என்ன விட்டுப்போச்சு?"

சொன்னேன். அரம் நின்றது. "நீங்களும் எறக்குதீங்க அண்ணாச்சி. ஆனா நீங்க பின்னால தள்ளி வந்துட்டுத்தான் எறக்குதீங்க" என்றேன். அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

"முதலாளிகிட்டச் சொல்லுங்க. உள்ள வந்தா யாரும் எறக்காண்டாம்னு அவரே சொல்லிட்டாச் சரியாப்போகும்."

"என்னன்னு சொல்ல? ஒங்களுக்கு மரியாதை குடுக்க இங்கன யாருக்கும் மனசில்லன்னா? ஏலே, நீ சின்னப்பய. ஒனக்குத் தெரியாது." திரும்ப அரத்தைப் போட்டுக்கொண்டே, "சாரல் நிக்கட்டும். பலகைய மாட்டிருவோம். அதுவரைக்கும் அவன நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

சாரல் நிற்கவில்லை. அந்த வருஷம் குற்றாலத்தில் அருவி கொட்டு கொட்டென்று கொட்டியது. தென்காசி பஸ் ஸ்டாண்டு முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையுமாக வெளியூர்க் கூட்டம். சாரல் நிற்கக்கூடாதே என்று லாட்ஜ்காரன் முதல் மாம்பழக்காரி வரை வேண்டிக்கொண்டிருந்த ஊரில், நின்று தொலையக்கூடாதா என்று நான் ஒருவன்தான் தினமும் வானத்தைப் பார்த்தேன். தினமும் காலையில் அந்தக் கனைப்புக்காகக் காத்திருப்பேன். கேட்டதும் தடியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பார்ப்பேன். அண்ணாச்சியும் பார்ப்பார். அவர் கையைக் காட்டினால் ராயகிரிக்காரன் சில நாள் பின்னால் நகர்ந்தான். சில நாள், அவர் காட்டுவதற்குள் இறக்கியிருந்தான்.

அன்றைக்கு முதலாளி காலையில் வந்துவிட்டுப் போய்விட்டார். இனி நாளைக்குத்தான் என்று எனக்கு உடம்பு தளர்ந்திருந்தது. மத்தியானத்துக்கு முன்னால் பெரிய தடி ஒன்றை ஏற்றினோம். பாதி அறுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. முதலாளியின் சம்பந்தி குடும்பம். அருவியில் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். சம்பந்தி, அவர் மனைவி, ஈரத்தலையைத் துவட்டாத ஒரு பெண். மில்லைச் சுற்றிக் காட்ட முதலாளியே கூட்டி வந்தார். பெருமையில் இரண்டு தடவை கனைத்தார்.

அண்ணாச்சி ரம்பத்தில் கண்ணாக இருந்தார். நான் நிமிர்ந்தபோது ராயகிரிக்காரனின் கை தொடையில் இருந்தது.

சாரம் இறங்கியது. ஓரம் படபடத்தது. டக் என்ற சத்தம் ஒன்று வரவில்லை. அதற்குப் பதில் வேறு ஒரு சத்தம், துணி இழுபடுகிற சத்தம். அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கொக்கி சாரத்தைக் கடித்துவிட்டது.

சாரம் இடுப்பில் வெறும் செருகல்தான். விட்டால் அவிழ்ந்து போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வான். அவன் விடவில்லை. இரண்டு கையாலும் இடுப்பில் சாரத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். எதிரே முதலாளி. சம்பந்தி. பொம்பளையாட்கள். சாரத்துக்குள் கோவணம்தான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பெல்ட் துணியைத் தின்னத் தின்ன அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டு, துணியோடு துணியாகப் பெல்ட்டை நோக்கிப் போனான். அந்தப் பலத்துக்காகத்தான் அவனை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

"விடுலே. விட்டுரு. சாரத்த விடுலே."

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னது கேட்டது என்று கண் சொன்னது. விடவில்லை.

அண்ணாச்சி சுவிட்சுக்கு ஓடினார். மோட்டார் அணைந்தது. பெல்ட் நிற்கவில்லை. நான் எப்படி அந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது. ரம்பத்தைச் சுற்றித்தான் போயிருக்க வேண்டும். அவன் விரல்களைப் பிரித்தேன். முடியவில்லை. வயல்வேலை செய்த விரல், இரும்பு மாதிரி இருந்தது. அவன் முழங்கால் பெல்ட்டின் இரும்புச் சட்டத்தில் போய் முட்டியது. அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டுகிறவரைக்கும் கடித்தேன். வாயில் உப்பும் மரத்தூளும்.

ஒரு கை விட்டது. மற்ற கையால் அந்த இழுப்பைத் தாங்க முடியவில்லை. சாரம் அவன் காலைச் சுற்றி உருவிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் தூளில் விழுந்தோம். பெல்ட் அந்தத் துணியை இரண்டு தடவை சுவரில் அறைந்துவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக நின்றது.

கால் இருந்தது. நான் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தேன். கெண்டைக்காலில் துணி உருவிய இடத்தில் தோல் வழன்று, வெள்ளையாக இருந்து அப்புறம்தான் ரத்தம் வந்தது. முழங்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. ராயகிரிக்காரன் அதைப் பார்க்கவே இல்லை. தூளை அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தான், மறைத்துக்கொள்ள.

சம்பந்தியின் மனைவி பெண்ணை இழுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். முதலாளி குடையோடு நின்ற இடத்திலேயே நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். இவன் வாங்கவில்லை. முதலாளியின் துண்டை எப்படி இடுப்பில் கட்டுவது?

"ஒண்ணுமில்ல முதலாளி. ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னான், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

நான் என் சாரத்தை அவிழ்த்து அவன்மேல் போட்டேன். எனக்கு உள்ளே பட்டாபட்டி டவுசர் இருந்தது, பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்டது. வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பார்கள்.

முதலாளி சுவரில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தார். "அது ஏன் அங்கன நிக்கி?"

"சாரல் முதலாளி. பெல்ட்டு கழறுது" என்றார் அண்ணாச்சி.

"மாட்டுங்க. கழண்டா கழறட்டும். அந்தப் பையன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." நடந்துபோனவர் திரும்பிப் பார்த்தார். "இனிமே நான் இதுவழியா வரல. வெளியோடியே ஆபீசுக்குப் போயிக்கிடுதேன்."

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வர வேண்டும். அதுவரை பாதி அறுத்த தடியை ரம்பத்திலேயே விட்டுவைக்கக் கூடாது. ஈர மரம் இறுகி ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். அண்ணாச்சி பலகையை வைத்து ஆணி அடித்தார். ஒவ்வொரு ஆணியையும் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பெல்ட் பக்கம் ஆள் வேண்டும்.

போய் நின்றேன். பட்டாபட்டியோடு, இரண்டு கையையும் தடிமேல் வைத்தேன். மோட்டார் ஓடியது. பலகைக்குப் பின்னாலிருந்து டக், டக் என்று கேட்டது. காற்று மட்டும் வரவில்லை.

வெளிப்பக்கம் யாரோ தடியைப் பிடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் ராயகிரிக்காரன். நொண்டிக்கொண்டு வந்து நின்றிருந்தான். போ, போய் உட்காரு என்று தலையால் காட்டினேன். அவன் அசையவில்லை. என் சாரத்தைக் கட்டியிருந்தான். மடித்துக் கட்டவில்லை, காயம் தெரியக்கூடாது என்று கணுக்கால்வரை விட்டிருந்தான். கெண்டைக்கால் இருந்த இடத்தில் துணி ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் பெல்ட் கிடையாது. துணியை இழுக்க அங்கே ஒன்றுமே கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏலே, ரம்பத்தப் பாருலே" என்று அண்ணாச்சி கத்தினார்.

நான் பார்க்கவில்லை. தடி இரண்டாகப் பிளந்து விழுகிறவரைக்கும் என் கண் அவன் கணுக்காலில் ஆடிக்கொண்டிருந்த அந்தச் சாரத்தின் ஓரத்திலேயே இருந்தது.